கசக்கிப் பார்த்த துணி

எங்கள் துணிக்கடையில் அப்பா வாயால் எதையும் விற்றதில்லை. வந்தவர் "இது கசங்குமா?" என்று இழுத்தால், பதில் சொல்லாமல் துணியின் முனையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக் கசக்குவார். பிறகு விரல்களைத் திறப்பார். துணி மெல்ல விரிந்து பழையபடி நிமிரும். வந்தவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதோடு பேரம் முடிந்தது. கசக்காமல் காட்டியிருந்தால் அவர் இன்னும் நாலு கடை ஏறி இறங்கியிருப்பார்.

வாக்குமூலத்துக்கு நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும் ஐயா. ஆனால் நான் படமெடுக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கல்லாவுக்குப் பின்னால்தான்.

குடும்பமும் படிப்பும், விழுந்தும் எழுகிற மனிதர்களும்: இதுதான் ஆவணப்படத்துக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். தேடிப் பிடித்த குடும்பமும் பொருத்தமானது. அம்மாவுக்கு மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு பெண்கள். எட்டு வயதுச் சின்னவளுக்குக் காது கேட்காது. அவளைக் குட்டி என்பார்கள். தங்கைக்காகவே சைகை மொழி கற்ற பெரியவள், காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் மூன்று பேரும் கையாலேயே பேசிக் கையாலேயே சண்டை போடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் கசங்கவே இல்லை.

"கஷ்டத்த எடுக்கணும்னா வேலை நேரத்துல வா தம்பி," என்பார் அம்மா. "வீட்டுல நாங்க சும்மா சிரிச்சிட்டுத்தான் இருப்போம். அத எவன் பார்ப்பான்?"

அதுதானே என் கவலையும். ஐந்து மாதம் எடுத்தாயிற்று. விழாத ஆட்கள் எழுந்து நிற்பதை எப்படிக் காட்டுவது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். இப்போது ஆடுகிறதே, இப்படித்தான். மன்னிக்கவும்.

ஒரு முற்பகல் தபால்காரர் வந்தார். அம்மாவும் பெரியவளும் வெளியே போயிருந்தார்கள். குட்டி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கடிதத்தை நான் வாங்கிப் பிரித்தேன். பெரியவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முப்பது நாளுக்குள் நேரில் வந்து சேர வேண்டும். கசங்காமல் மடித்து, கேமராப் பையில் லென்ஸ் துடைக்கும் துணிக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

திருட்டு என்று எழுதாதீர்கள். இருபத்தொன்பதாம் நாள் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நடுவே ஒரே ஒருமுறை அவள் உடைந்து அழ வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரட்டிப்பாகச் சிரிக்கத்தான் போகிறாளே.

அவள் அழவில்லை. ஒரு வாரத்தில் என்னிடம் வந்து சிரித்தாள். "அண்ணா, குட்டி ஒரு புது கத விடுறா. என் லெட்டர நீங்க பைல வெச்சிருக்கீங்களாம்."

"போன வாரம் என் மூக்குக் கண்ணாடியையும் பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னாளே," என்றேன்.

அவள் தங்கை தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். குட்டி என்னையே பார்த்தாள். நான் கேமராவைத் துடைத்தேன்.

இருபதாம் நாள் பெரியவள், "சரி விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்," என்று அம்மாவோடு சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் அழவில்லை. ஈர விரிப்புகளைச் சூடான இரட்டை உருளைக்குள் கொடுக்கும் வேலை. எனக்கு இடம் காட்டிய மேற்பார்வையாளர், "இந்தத் தூண் பக்கம் நில்லுங்க சார். அந்தச் சிவப்புப் பொத்தான மட்டும் தெரியாமத் தட்டிடாதீங்க, மிஷின் மொத்தமும் நின்னுடும்," என்றார். நான் கவனமாகவே இருந்தேன். நடப்பதில் கை வைக்காமல் இருப்பதுதான் என் தொழிலின் முதல் ஒழுக்கம். ஒருமுறை மாடிப்படியில் துணி மூட்டையோடு மூச்சு வாங்கிய அம்மா, "கொஞ்சம் பிடி தம்பி," என்றபோதுகூட நான் பிடிக்கவில்லை. என் கை படத்துக்குள் வந்துவிடும்.

இருபத்தாறாம் நாள் ஒரு விரிப்பின் ஓரம் மடங்கியது. பெரியவள் அதை நீவிவிடப் போனாள். வலது கை. அம்மா கூடத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளி இயந்திரத்தை நிறுத்தப் பதினோரு நொடி ஆயிற்று. கேமராவில் நேரம் ஓடும், அதனால் துல்லியமாகத் தெரியும்.

நான்கு விரல்கள் போயின. அதன் பிறகு கடிதத்துக்குப் படத்தில் இடமில்லை. பையிலேயே இருந்துவிட்டது.

பெரியவள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் குட்டியைத் தனியாகக் கேமராமுன் உட்கார வைத்தேன். அவள் லென்ஸை நேராகச் சுட்டினாள். காற்றில் ஒரு சதுரம் வரைந்தாள். அதை மடித்து எதற்குள்ளோ வைத்து மூடினாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள். நல்ல ஜன்னல் வெளிச்சம். ஏழு மாதம் அந்த வீட்டில் பழகியும் சைகை மொழி நான் கற்கவில்லை. அர்த்தம் சொல்லப் பெரியவள் எப்போதும் கூடவே இருந்தாள் அல்லவா? சுட்டும் விரலை உலகத்தைக் கூப்பிடுவதாகவும், சதுரத்தை எதிர்காலத்தின் கதவாகவும் எடுத்துக்கொண்டேன். அதற்கு வயலின் சேர்த்தேன். சுவரொட்டியிலும் அதுதான்.

பெரியவள் இடது கையால் பேசப் பழகுவதோடு படம் முடியும். முதல் திரையிடல், காது கேளாதோர் பள்ளி ஒன்றில். குடும்பத்துக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. திரையில் முதன்முதலாகப் பார்க்கும் முகங்களை எடுக்க வேண்டும் என்று, மேடையோரம் கேமராவோடு நின்றேன்.

குட்டியின் காட்சி வந்தது. பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். முன்வரிசைக் குழந்தைகள் துடைக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் திரையை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு என் காலடியில் கிடந்த பையை. அதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

பெரியவள் எழவில்லை. தங்கையின் விரல்களைத் திரையில் கடைசிவரை பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள். இருபத்தாறு நாள் நான் காத்திருந்த முகம் ஐயா, அன்றுதான் கிடைத்தது. அதையும் எடுத்திருக்கிறேன். பார்த்தால் நீங்களே சொல்வீர்கள், எவ்வளவு உண்மையான காட்சி என்று. இதிலிருந்தும் அவள் எழுந்துவிடுவாள். நல்ல துணி.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை எடுத்தது நான்தான். அதைத் தவிர அவர்கள் வாழ்க்கையில் நான் எதையும் தொட்டதில்லை. என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தச் சிவப்புப் பொத்தானைக்கூட.