ஒரு மாத்திரையும் மூணு ஆள் வேலையும்

— படுங்கன்னு சொன்னா படுக்கணும். இன்னொரு தடவ தலையத் தூக்கினீங்கன்னா நானே தள்ளி விட்டுடுவேன்.

— நீ எதுக்குச் சிரமப்படற, ஹேரிம் அம்மா? தானா விழற ஆளு நான்.

— காலைலேர்ந்து மூணு தடவ விழுந்துட்டாரும்மா. இப்பக் கோசுக் கூடையத் தூக்கறேன்னு நிமிர்ந்தாரு, அப்படியே அடுக்களைத் தரையில சரிஞ்சுட்டாரு. போன ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கேக்குதா?

— கேக்குதும்மா. மருந்துக்கடை பியோ தான் பேசறேன். ஐயா அப்படியே மல்லாந்து படுக்கட்டும். கால் ரெண்டுக்கும் அடியில உயரமா ஏதாவது வைங்க.

— வைக்கிறதுக்குக் கோசு தான் இருக்கு. நாப்பது கோசு. குளிருக்கு முன்னால கிம்ச்சி ஊறுகாய் போட்டாகணும்ல?

— நாப்பத்தொண்ணாவது கோசு நான் தான் பியோ அம்மா. எம்மேலயும் உப்பத் தடவிருவாளோன்னு பயமா இருக்கு.

— உதடு வெளுத்துக் கிடக்கு, இதுல கிண்டல் வேற. பிரஷர் பாத்தேன்மா. மேல எம்பத்தி நாலு, கீழ ஐம்பது.

— அது பொய் சொல்ற மெஷின். நம்ம பொண்ணு ஹேரிமக் கட்டின மருமகன் வாங்கித் தந்தது.

— ஐயா, பிரஷருக்குப் புது மாத்திரை தந்து ஒன்பது நாள் ஆச்சு. தினம் ஒண்ணு தானே போடறீங்க?

— ஒண்ணே ஒண்ணு. சத்தியமா.

— கூட வேற எதுவும் போடலையே?

— ஹேரிம் அம்மா, அந்தக் கோசுக்கு உப்புப் போதுமான்னு பாரு.

— ஐயா, பேச்ச மாத்தாதீங்க.

— கோவிச்சுக்கக் கூடாது. முன்னெல்லாம் நாளுக்கு ஒரு பொட்டலம்னு நீளச் சுருளாத் தருவீங்க. கிழிச்சா உள்ள மூணு மாத்திரை இருக்கும். இந்தத் தடவ கிழிக்கறேன், ஒத்த மாத்திரை உருளுது.

— மூணுக்குப் பதில் இது ஒண்ணுன்னு அன்னைக்கே சொன்னேனே!

— சொன்னீங்க. அங்க தான் எனக்கு மனசு கேக்கல. நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன். கண்டக்டர் பொண்ணுங்களயெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, காசையும் நீயே பாரு, கதவையும் நீயே பாருன்னான் முதலாளி. மூணு ஆள் வேலைய ஒருத்தன் தலையில கட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பாவமா இருந்துச்சு.

— யார் மேல பாவம்?

— மாத்திரை மேல தான். பழைய சுருள் கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. துணைக்கு அந்த மூணு பேரையும் கூடவே உள்ள அனுப்பிட்டேன்.

— அட, புத்தி கெட்ட மனுஷா! ஒன்பது நாளாவா?

— எட்டு. ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போனோம்ல, மாத்திரை போட்டா வழியெல்லாம் ஒண்ணுக்கு ஒதுங்க இடம் தேடணுமேன்னு எல்லாத்தையும் விட்டுட்டேன்.

— இப்படி விட்டு விட்டுப் போட்டு மிச்சமானது தானா ஐயா அந்தப் பழைய சுருள்?

— மருந்துக்கடைக்குப் போன் பண்ணோம்னு நெனச்சேன். போலீஸ் ஸ்டேஷன் மாதிரில்ல இருக்கு.

— ஐயா, நல்லாக் கேளுங்க. அந்த ஒரு மாத்திரைக்குள்ளயே பழைய மருந்து மூணும் இருக்கு. தனியா ஒருத்தன் வரல, மூணு பேரும் ஒரே சட்டைக்குள்ள புகுந்து வந்திருக்காங்க. நீங்க தினமும் மருந்த ரெண்டு மடங்கா முழுங்கியிருக்கீங்க. அதான் பிரஷர் இவ்வளவு கீழ விழுந்திருக்கு. இப்படியே போனா சிறுநீரகமும் தாங்காது. கடை போன்லேர்ந்து நான் ஆம்புலன்ஸக் கூப்பிடறேன். இந்தப் போன வச்சுடாதீங்க.

— ஹேரிம் அம்மா... இப்ப நிஜமாவே பயமா இருக்குடி. கண்ணுக்குள்ள மை கொட்டின மாதிரி இருட்டிட்டு வருது.

— ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துலயே தான இருக்கேன்.

— அம்மா, வண்டி கிளம்பிடுச்சு, எட்டு நிமிஷத்துல வந்துடும். அந்த மெஷின் சரியாக் காட்டுதான்னு எனக்குத் தெரியணும். உங்க கையில ஒரு தடவ கட்டிப் பாருங்களேன்.

— எனக்கு எதுக்கு? எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாது.

— கடைசியா எப்பப் பாத்தீங்க?

— பாத்தா தான வியாதி இருக்கான்னு தெரியும்! இவ பாக்கவே மாட்டா பியோ அம்மா. அதான் இவளுக்குக் கிடையாது. கட்டுடி, நான் பொத்தான அமுக்கறேன்.

— மனுஷன் சாகக் கிடக்கறாரு, இதுல எனக்கு வேடிக்கை... சரி, கட்டிட்டேன். அமுக்குங்க.

— இரு, இரு. வருது. மேல இருநூத்திப் பன்னிரண்டு. கீழ நூத்திப் பதினெட்டு. பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல, பொய்யின்னு? எங்க ரெண்டு பேரையும் கூட்டிப் பாதியாக்கினா சுமாரான ஆளு ஒருத்தன் கிடைப்பான்.

— ஐயா, சிரிக்காதீங்க. அம்மா, தலைவலி இருக்கா?

— மூணு நாளா. உப்புத் தண்ணியில நின்னா வராதா பின்ன?

— கை, கால் ஏதாவது மரத்துப் போச்சா?

— இடது கை கொஞ்சம். நாப்பது கோசையும் இலை இலையா விரிச்சு உப்புத் தடவியிருக்கேன். மரக்காம என்ன செய்யும்?

— எப்பலேர்ந்து?

— காலைல ஏழு மணிச் செய்தி ஓடிட்டிருந்துச்சு. உப்புக் கிண்ணம் கைய விட்டு நழுவிடுச்சு. அப்பலேர்ந்து.

— ஏழு மணி. அத மறக்காதீங்க ஐயா, வர்றவங்க கேப்பாங்க.

— ஏன்? எதுக்குக் கேப்பாங்க? பியோ அம்மா, இவளுக்குப் பிரஷர் ஏறியிருக்குன்னா என் மாத்திரையில ஒண்ணு குடுத்துடவா? இங்கயே தான் இருக்கு.

— வேண்டாம்! உங்க உடம்புக்கு எழுதினது அது. அம்மா வாயில இப்போ தண்ணி கூடப் படக் கூடாது. அம்மா, கண்ண மூடிட்டு ரெண்டு கையையும் நேரா முன்னால நீட்டுங்க. ஐயா, படுத்தபடியே பாத்துச் சொல்லுங்க.

— இதென்ன பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியா? நீட்டிட்டேன்.

— இன்னொரு கையையும் நீட்டு.

— ரெண்டும் தான் நீட்டியிருக்கேன்.

— ஹேரிம் அம்மா, வெளையாடாத.

— நீங்க தான் வெளையாடறீங்க. ரெண்டையும் நீட்டிட்டுத் தான நிக்கறேன்!

— பியோ அம்மா... ஒரு கை தான் மேல இருக்கு. இன்னொண்ணு இடுப்போரமாத் தொங்குது. அது இவளுக்கே தெரியல.

— அம்மாவச் சுவரோரமா உக்கார வைங்க. நீங்க எழ வேண்டாம், பாவாடையோ சட்டையோ பிடிச்சு இழுங்க. இது பக்கவாதம் மாதிரி இருக்கு, நான் இன்னொரு வண்டி கேக்கறேன்.

— உக்காருடி. உக்காந்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.

— நாளைக்கு அண்ணிங்கல்லாம் மசாலா பூச வராங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா... கோசு... கோ...

— என்ன சொல்ற? வாய் ஏன் கொழகொழங்குது? என்னப் பாரு. என்னப் பாருடி!

— ஐயா, காலிங் பெல் சத்தம் எனக்கே கேக்குது. கதவுப் பூட்டோட எண்ணக் கத்திச் சொல்லுங்க, அவங்களே அமுக்கித் திறந்துக்குவாங்க!

— ஆறு, ரெண்டு, ரெண்டு, ஒன்பது! உள்ள வாங்க தம்பிங்களா, அடுக்களைக்கு! ஆமா, கீழ விழுந்தவன்னு உங்க சீட்டுல எழுதியிருக்கறது நான் தான். என்னத் தாண்டிப் போங்க, தம்பி. அதோ, உக்காந்துட்டிருக்காளே, தூக்க வேண்டியது அவள.