சாவி இல்லாமல் எரிந்த விளக்கு

வாக்குமூலம் கொடுப்பவர்: காயம்பட்ட கணக்கு வாத்தியாரின் கூடப் பிறந்த அக்கா; காவலில் இருக்கும் டூவீலர் மெக்கானிக்கின் மனைவி. வயது நாற்பத்து நான்கு. தொழில், மின்விசிறி, மிக்சி, மோட்டார் பழுது பார்த்தல். இருப்பிடம், பேருந்துப் பணிமனைக்கு எதிரே இரண்டு ஷட்டர் கடையின் மாடி. எழுதப் படிக்கத் தெரியும். நான் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதிக்கொண்டார்.

கீழே இடப்பக்க ஷட்டர் என்னுடையது, வலப்பக்கம் என் கணவருடையது. நடுவில் சுவர் கிடையாது, ஓர் இரும்பு அலமாரிதான். என் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராக்கெட் விட வேண்டும். அட்டைக் குழாயில் செய்த, முழங்கை நீளமுள்ள பொம்மை ராக்கெட். செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள பொட்டலில், உரிய அனுமதி வாங்கிக்கொண்டு, அவனும் அவனைப் போன்ற நாலைந்து வளர்ந்த ஆட்களும் விடுவார்கள். என் கணவருக்கும் அவனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. உறவுக்காரர் வீட்டில் பத்துப் பேர் முன்னால் அவன், "மாமாவுக்கு நட்டு முடுக்கறதைத் தவிர வேற என்ன தெரியும்" என்றான். இவர் சும்மா இருந்தாரா, "நாப்பது வயசுல பொம்மை விடறவன் எனக்குப் பாடம் எடுக்கறான்" என்றார். அன்று முதல் இவர் பேச்சை அவனுக்கும் அவன் பேச்சை இவருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரி வேலை என் தலையில் விழுந்தது.

நான்கு மாதத்துக்கு முன் தம்பி ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியோடு கடைக்கு வந்தான். ராக்கெட்டைத் தூரத்தில் நின்று பற்றவைக்கும் கன்ட்ரோலர் அது. உள்ளே நான்கு பென்சில் செல். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் வயர் வழியாகப் போய், ராக்கெட்டின் அடியில் செருகியிருக்கும் இக்னைட்டரைச் சூடாக்க வேண்டும். இக்னைட்டர் என்பது நுனியில் மருந்து தடவிய மெல்லிய கம்பி. அது பற்றினால் ராக்கெட் கிளம்பும். ஆனால் மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் பற்றுகிறது என்றான். போனில் வேறு இரண்டு மூன்று பெட்டிகளைக் காட்டி எதை வாங்கலாம் என்று கேட்டான். ஒன்றில் சின்னச் சதுர ஒன்பது வோல்ட் பேட்டரி. வோல்ட் இருக்கும், தெம்பு இருக்காது என்றேன். எதையும் வாங்காதே, நானே செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். இதை நான்தான் சொன்னேன், அவன் கேட்கவில்லை.

அதன் பிறகு பன்னிரண்டு வோல்ட் பைக் பேட்டரி ஒன்றைப் போட்டு, பத்து மீட்டர் தடித்த செம்பு வயர் இழுத்து, கையை எடுத்தால் தானே திரும்பும் பொத்தான் வைத்துப் பெட்டியைச் செய்தேன். பாதுகாப்புக்கு ஒரு சாவி வேண்டும். சாவி இல்லாமல் பொத்தான் வேலை செய்யாது. ராக்கெட் அருகே போகிறவன் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குப் பழைய மொபெட்டின் சாவி ஸ்விட்சைக் கணவரின் அலமாரியிலிருந்து எடுத்தேன். தேய்ந்த துளை என்பதால் அவரிடம் இருக்கும் எந்த மொபெட் சாவியும் அதில் திரும்பும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

தம்பி இன்னொன்று கேட்டான். கிளிப் இரண்டும் இக்னைட்டரைச் சரியாகக் கவ்வியதா என்பது திரும்பி வந்து சாவி போட்ட பிறகுதான் தெரிகிறது, கவ்வாவிட்டால் மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது, ராக்கெட் பக்கத்திலேயே தெரிந்தால் நல்லது என்றான். ஆகவே சாவியைச் சுற்றிக்கொண்டு போகும் தனி வழி ஒன்று போட்டு அதில் குண்டூசித் தலை அளவு சிவப்பு எல்.இ.டி. விளக்கு வைத்தேன். கிளிப் கவ்வினால் விளக்கு எரியும். அதில் ஓடும் மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

சம்பவத்துக்கு முந்தைய சனிக்கிழமை தம்பி வந்து, வெயிலில் அந்த விளக்கு கண்ணுக்கே தெரியவில்லை என்றான். எனக்கு அன்று மூன்று மோட்டார் காத்துக்கிடந்தன. கணவர் பக்கத்து இழுப்பறையில் கைவிட்டு ஒரு பல்பை எடுத்து, எல்.இ.டி. இருந்த இடத்தில் மாட்டி, கிளிப் இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் கம்பியை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. தம்பிக்கு வாயெல்லாம் பல். அவன் கூட்டாளிக்குக் காய்ச்சல், நாளைக்குத் துணைக்கு ஆள் இல்லை என்றான். இதுதான் சாக்கு என்று நான் கணவரை, "நீங்க போங்க, பேச வேணாம், சும்மா பெட்டிக்கிட்ட நில்லுங்க" என்று நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தகவல் வந்தது. தம்பி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ராக்கெட் மேல் குனிந்து கிளிப்பை மாட்டும்போதே அது கிளம்பி முகத்தில் அடித்திருக்கிறது. வலக்கண் போய்விட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது என் கணவர் ஒருவர் மட்டும். அவர் சட்டைப் பையில் ஒரு கொத்து மொபெட் சாவி இருந்தது.

அன்று நடந்த முதல் விசாரணையில் அவர், "நான் பெட்டியைத் தொடவே இல்ல" என்றார். நான் நம்பவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். சாவி இல்லாமல் மின்சாரம் போகாது, பெட்டியைச் செய்தவள் நான், எனக்குத் தெரியாதா என்று இருந்தது. அவரை மாலையில் அனுப்பி வைத்தபோது வீட்டுக்கு வந்ததும் தன் சட்டையைத் தானே துவைத்தார். இருபது வருடத்தில் ஒரு நாள் துவைத்ததில்லை. அது தம்பியைத் தூக்கி ஓடிய ரத்தமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எதைக் கழுவுகிறார் என்றுதான் தோன்றியது. சம்பவத்துக்கு முந்தைய வாரம் அவர், "உன் தம்பி இந்த வாரமும் போறானா" என்று கேட்டதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவர் சாப்பிட்ட தட்டைக்கூடப் பார்த்தேன், எப்படிச் சாப்பாடு இறங்குகிறது என்று. இரண்டு நாள் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காவலர்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். நான் தடுக்கவில்லை. கடையின் வலப்பக்க ஷட்டரை நானே இறக்கிப் பூட்டினேன்.

நான்காம் நாள் மின் ஆய்வாளர் ஒருவர் என் கணவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும், அதற்கு அரை மணி நேரத்துக்குள் என் கணவர் சொன்னதை மாற்றி, "என் சாவியைப் போட்டுப் பார்த்தேன், கை பொத்தானில் பட்டுவிட்டது" என்று எழுதிக் கொடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது, அதே சமயம் என் சந்தேகம் சரிதான் என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது. தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து அவரைத் திட்டினேன். அவனும் திட்டினான்.

ஒன்பதாம் நாள், அதாவது நேற்று மதியம், பெட்டியை அடையாளம் காட்ட நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பவர். என்னையும் கூட்டுக் களவாணி என்று நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னார். பேட்டரியை இணைத்து, கிளிப்புகளின் நடுவில் கம்பியை வைத்தேன். பல்பு எரிந்தது. சாவி மேஜை மேல் ஒரு கவரில் சீல் வைத்துக் கிடந்தது.

"சாவி இங்க இருக்கே, லைட் எப்படிம்மா எரியுது?" என்றார்.

"அது வெறும் செக்கிங் சார், தனி வழி" என்றேன். சொல்லும்போதே பல்பின் வெளிச்சம் உறுத்தியது. பல்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பத்து வாட், பைக் இண்டிகேட்டர் பல்பு. எல்.இ.டி. போல இல்லாமல் இதை எரிய வைக்க நிறைய மின்சாரம் வேண்டும், அது முழுவதும் இக்னைட்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சனிக்கிழமை நான் கம்பியை வைத்துத்தான் சோதித்தேன், இக்னைட்டரை வைத்துச் சோதிக்கவில்லை. இதை நான் அப்போது இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு கடையைத் திறந்து, அதே இழுப்பறையிலிருந்து அதே மாதிரி பல்பை எடுத்து, ஒரு பைக் பேட்டரியோடு இணைத்து, தம்பி விட்டுப்போன பாக்கெட்டில் இருந்த இக்னைட்டர் ஒன்றை மாட்டினேன். சாவியும் இல்லை, பொத்தானும் இல்லை. கிளிப் கவ்விய மறு நொடி அது சீறிப் பற்றியது. மிச்சமிருந்த மூன்றையும் மாட்டிப் பார்த்தேன். மூன்றும் பற்றின.

இன்று காலை எட்டு மணிக்கு அனுமதி பெற்று என் கணவரைப் பார்த்தேன். "அந்த பல்பை எப்ப பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பெட்டியைத் திறந்த அன்னிக்கு. என் டிராயர் பல்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

"அவனுக்கு என்னை ஏற்கெனவே பிடிக்காது. இதுல புதுசா ஒண்ணும் போயிடாது. ஒரு கண்ணு போச்சு, அக்காவும் போகணுமா அவனுக்கு? நீ வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

நான் அவரைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "தட்டையெல்லாம் பாத்தியே."

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். இங்கே எழுதிக் கொடுத்த பிறகு யாரோ சொல்லி அவனுக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கண் பக்கமாக நின்றால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று தோன்றியது. ஆனாலும் மறுபக்கம் போய் நின்று சொன்னேன். கணக்கு வாத்தியார் என்பதால் எத்தனை வாட், எத்தனை வோல்ட் என்று இரண்டே கேள்வி கேட்டான். பதில் சொன்னதும் அவன் உதடு அசைந்தது, மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். அதன் பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடச் சொன்னான். நான் திரைக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். அவன் கூப்பிடவில்லை. அதன் பிறகு புறப்பட்டு இங்கு வந்தேன்.

என் கணவர் பொத்தானைத் தொடவில்லை, சாவியைப் போடவில்லை. பல்பை மாற்றியது நான். அவரை வெளியே விட வேண்டும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்படி என்னை எவரும் வற்புறுத்தவில்லை. சொல்லாதே என்றுதான் ஒருவர் வற்புறுத்தினார்.

(கையொப்பம்)