நிற்காத த்ரெட்டின் பேர்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கச்சியும். போனைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி நிமிர்ந்தாள்.

"அக்கா, எது செத்துச்சு, எது நிக்க மாட்டேங்குதுன்னு இனிமே பேரோட சொல்லும். நான் எழுதுனத சேத்துக்கிட்டாங்க."

"யாருடி செத்தது?"

"ஆளில்ல, த்ரெட். ஒரு ப்ரோக்ராம் ஒரே நேரத்துல பல வேல பாக்கும்ல, அதுல ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட். டிபக்கர்னு ஒண்ணு அதையெல்லாம் நிப்பாட்டிப் பிழை தேடும். ஏதாவது நிக்கலன்னா, அது செத்ததாலயா இல்ல ஓடிக்கிட்டே இருக்கறதாலயான்னு சொல்லாம, 'ஒரு த்ரெட் நிக்கல'ன்னு மட்டும் லாக்ல, அதான் அதோட குறிப்புல, எழுதும்."

"எதுன்னு சொல்லாதா?"

"சொல்லாது. தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல கணக்கப்பிள்ளை 'ஒரு ஆள் வரல'ன்னு மட்டும் சொன்னா யாரப் போய் தேடுறது? பேரு, எந்த மலையில என்ன வேலன்னு சொல்லணும்ல. அந்த மாதிரி பேரு, பாத்துக்கிட்டிருந்த வேல, நிக்காத காரணம் எல்லாத்தையும் எழுத வச்சேன்."

"அதப் பாத்துக்கிற ஒங்க பெரிய சார் வேணாம்னாரே?"

"வார்த்தைய மாத்துறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டாரு. நேத்து என்னோடத போட்டு ஓட்டிப் பாத்திருக்காரு. அவரு ரொம்ப நாளா தேடுன பிழை ஒரே வரியில வந்துருச்சு."

"என்ன சொன்னாரு?"

"லாக்ல வர்ற மத்த மெசேஜ் எல்லாத்தையும் என்னையே எழுதச் சொல்லி இப்பத்தான் போட்டிருக்காரு."

"ஒனக்கு மட்டுமா அனுப்புனாரு?"

"இல்லக்கா. எல்லாரும் பாக்குற எடத்துல, என் பேரப் போட்டு."