மூடியில் ஒட்டும் பெயர்

பில்லியர்ட்ஸ் பந்தைக் கொதிநீரில் போடக் கூடாது, சாமி. யானைத் தந்தம் சூடு தாங்காது. மயிரிழைபோல வெடிப்பு விழும், பிறகு மேசையில் நேராக உருளாது. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவன் பந்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

கெயின்ஹில் மேட்டிலுள்ள அந்தச் சிறிய கிளப்பில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே நான் மார்க்கர். ஆட்டத்தின் புள்ளியைச் சொல்வது, பந்தடிக்கும் கோல்களையும் மேசையையும் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. ஜப்பான் அதிகாரிகள் வந்த பிறகும் அறையைத் திறந்து வைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர்களில் ஒருவர் ராணுவ டாக்டர். கிருமி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். வந்த முதல் வாரமே பந்துகளைக் கொதிக்க வைக்கச் சொன்னார். எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். நானும் வணங்கினேன், பிறகு வெடித்துப்போன பழைய பந்து ஒன்றைக் காட்டி, ஸ்பிரிட்டில் துடைத்தால் போதும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அறைவார் என்றுதான் நினைத்தேன். அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அன்றிலிருந்து அறையின் சுத்தம் என் பொறுப்பு.

நன்றாகவே செய்தேன், சாமி. ஒவ்வொரு அதிகாரிக்கும் தனிக் கோல், கோலின் நுனியில் தேய்க்கத் தனி நீலச் சாக்குக்கட்டி. நுனியில் ஒட்டிய தூளை வாயால் ஊதக் கூடாது என்று டாக்டரே சுவரில் எழுதி ஒட்டினார். மேசைக்குப் பக்கத்தில் கைகழுவ மருந்துத் தண்ணீர். வேலைக்காரர்கள் ஆறு பேரும் வாயை மூடித் துணி கட்ட வேண்டும். ஒரு கோலைச் சுத்தமாகத் துடைத்து வைப்பது அடுத்து அதைத் தொடப்போகிறவனுக்கு நாம் செய்கிற சின்ன அன்பு என்று நான் நம்புகிறேன். அவன் யாராக இருந்தால் என்ன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சளிப் பரிசோதனை. ஒரு சிப்பாய் நின்று பார்க்க, ஆறு பேரும் ஆளுக்கொரு தகரடப்பாவில் துப்ப வேண்டும். பிறகு மூடிகளில் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. டாக்டர் என்னை அவ்வளவு நம்பினார். சயரோகம் என்று தெரிந்தால் மறுவாரம் லாரி வரும். முதல் தடவை டிரைவர் அண்ணாதுரை போனார். அவருக்கு நிஜமாகவே நோய் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறோம் என்றார்கள். அவர் மனைவி ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்டாள். அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்கள்.

அப்துல் அலீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேசைத் துணிக்கு பிரஷ் போடுகிறவன். முப்பது வயதிருக்கும், கல்யாணமாகவில்லை, தஞ்சோங் பகாரில் துறைமுகக் கூலிகளோடு ஒரே அறையில் ஒண்டியிருந்தான். சோப்பு கிடைக்காத காலம் அது. நான் கோலுக்கு ஸ்பிரிட் பூசுவதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா நான் கோலாத்தான் பொறக்கணும்லா அண்ணே. தினமும் குளியல், சாயந்தரம் தடவிக் கொடுக்க ஒரு ஆபீசர்" என்பான். முகத்துணிக்குள்ளேயே சிரிப்போம்.

இந்த வருடம் தவக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். சாம்பல் புதன் கழிந்து இரண்டு வாரத்தில் கைக்குட்டையில் இரத்தம் பார்த்தேன். என் மனைவி ஆனியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் தட்டையும் பாயையும் தனியாக்கிக்கொண்டேன். முகத்துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். கோல்களை ஒன்றுக்கு இரண்டு தடவை துடைத்தேன். என் மூலம் அந்த அறையில் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பரிசோதனை நாள் வந்தது. ஆறு டப்பாக்களும் என் முன்னால் இருந்தன. எனக்கு ஆனி இருக்கிறாள், மூன்று பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். சமையற்காரருக்கு நான்கு பிள்ளைகள். தோட்டக்காரர் நூர்தீனுக்குக் கண் தெரியாத அம்மா. அண்ணாதுரைக்குப் பதிலாக வந்த புது டிரைவரும் இன்னொருவரும் குடும்பக்காரர்கள். ஒவ்வொருவரையும் நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். அலீமுக்கு யாரும் இல்லை. அதோடு அவன் உடம்பில் நோயும் இல்லை. கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோயாளியை அனுப்பினால் திரும்பமாட்டான், நோயில்லாதவன் திரும்புவான். நான் நினைத்தது இவ்வளவுதான். இரண்டு மூடிகளை மாற்றினேன்.

லாரி வந்த காலையில் என் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுத்தேன். அப்போதெல்லாம் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்குதான். சோறு எப்போதாவது. வீட்டிலிருந்து போர்வையும் கொண்டு வந்திருந்தேன். அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். அவன் அழவில்லை. குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, எனக்கு இருமலே கிடையாதே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா டாக்டர் கேப்பாரு."

உண்மைதான். நான் சொன்னால் கேட்டிருப்பார்.

"போயிட்டு வா தம்பி. பாத்துட்டு விட்டுடுவாங்க" என்றேன்.

போர்வையை அவன் தோளில் நானே போர்த்திவிட்டேன். அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவனுக்கு யாரும் இல்லை என்று நான் நினைத்தது தவறு. இரண்டு வாரம் கழித்து கிளப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நூருன்னிசா, அவன் தங்கை. எருமைச் சாலைப் பக்கம் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அலீம் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. சிப்பாய்கள் நடமாடும் இடத்தில் தங்கை பெயரை எவன் சொல்வான்? வாராவாரம் வந்தாள். கடைசி நாளில் அண்ணனுக்குச் சோறும் போர்வையும் கொடுத்தது நான்தான் என்று நூர்தீன் அவளிடம் சொல்லிவிட்டார். அதற்காக ஒருநாள் எனக்கு அவித்த கிழங்கு கொண்டு வந்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்றால் மனம் நோகுமே.

துவைக்கிற வேலையும் அவளுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் டாக்டரிடம் பேசி, அலீமின் இடத்தில் அவளைச் சேர்த்துவிட்டேன். அரிசிச் சீட்டு கிடைக்கிறது. மேசைத் துணிக்கு அண்ணனைவிட நன்றாக பிரஷ் போடுகிறாள். அதிகாரிகள் வரும் நேரத்தில் அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவேன். யாரும் அவளிடம் தவறாக நடக்க நான் விட்டதில்லை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

திங்கட்கிழமை அடுத்த பரிசோதனை, சாமி. என் இருமல் நிற்கவில்லை.

டாக்டரிடம் உண்மையைச் சொல் என்கிறீர்கள். சொன்னால் நான் மட்டும் போகமாட்டேன். மூடியை மாற்றியவன் வீட்டை என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவளை ஓடிப்போகச் சொல் என்கிறீர்கள். ஜப்பான்காரர்கள் ஸ்யோனான் என்று பெயர் மாற்றிய இந்தத் தீவில் எங்கே ஓடுவது? பரிசோதனை நாளில் ஆள் வராவிட்டால் நோயை மறைக்கிறாள் என்று தேடிப் பிடிப்பார்கள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதமாக நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் அவளிடம் போய்ச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இங்கே கேட்டதை இங்கேயே புதைக்க வேண்டியது உங்கள் கடமை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். பாரத்தை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டாமா? மன்னிப்பு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு நா எழவில்லை. பரவாயில்லை. அழாதீர்கள், சாமி. வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்.

நேற்றெல்லாம் மறுபடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சமையற்காரருக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்திருக்கிறது. நூர்தீனின் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார். என் கடைசிப் பெண் அடுத்த மாதம் புதுநன்மை வாங்கப்போகிறாள், நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள். போன தடவை அவசரத்தில் தவறு செய்துவிட்டேன், யாரும் இல்லாதவன் என்று நினைத்து, தங்கை இருக்கிறவனை அனுப்பிவிட்டேன். அந்தத் தவறை இந்த முறை செய்யமாட்டேன். நூருன்னிசாவுக்கு இப்போது நிஜமாகவே யாரும் இல்லை.