ஒழுகுற வீட்டுல பொண்ணு பாக்க

அந்தப் பக்கம் வேண்டாம் மதினி, அங்கன ஒழுகும். இந்த டிரங்குப் பெட்டி மேல உக்காருங்க, இங்க மட்டுந்தான் இன்னும் ஒழுகல. ரயிலு குர்லாவோட நின்னுட்டா? ஆத்தாடி, ஒங்க மவனும் நீங்களும் விக்ரோலியில இருந்து பொண்ணு பாக்க வாரதுக்கா இந்தப் பாடு! தாராவி பூரா முட்டளவு தண்ணி. பட்டுச்சேல சேறாயிருச்சே. எஞ்சேல ஒண்ணு தாரேன், மாத்திக்கிடுங்க.

மேல என்ன சத்தமா? அது ஒண்ணுமில்ல, பொறவு சொல்லுதேன். காப்பியக் குடிங்க.

சிரிக்காதிய, அது ஒழுகுற தண்ணி பிடிக்க வச்ச ஆறாவது பால்டி. இனி சோத்துப்பானதான் பாக்கி. அதையும் வச்சுட்டா நீங்க சாப்பிட முடியாதுல்லா.

ரேடியோவுல மழைச் சேதி கேட்டியளான்னா? கேக்காம என்ன! எதுத்தாப்புல அப்துல் ரவூப் பாய் டீக்கடையில ரெண்டு நேரமும் அலறுதே. எங்க வீட்டுக்காரவுக அத நம்பவே மாட்டாவ. ரேடியோவுல மழைன்னா குடைய வச்சிட்டுப் போவாவ, வெயிலுன்னா எடுத்துட்டுப் போவாவ. ஒரு நாளு மழையில, ஒரு நாளு வேர்வையில, ரெண்டு நாளும் நனைஞ்சுதான் வருவாவ. நான் அப்பிடி இல்ல, காதத் தீட்டி வச்சுக் கேப்பேன்.

போன வருசம் மாட்டுங்காவுல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு மதினி. தை மாசம், வெயிலு பளிச்சுன்னு அடிக்கி. வீடு நல்லாருக்கு, எம்மவ வடிவும் லெச்சணமான பொண்ணுன்னு வெத்தல பாக்கு மாத்திட்டுப் போனாவ. ஆனி மழையில ஒருநாளு எட்டிப் பாத்தாவ. இந்த ஒழுகுற வீட்டுலயா பொண்ணு எடுக்கன்னு மறுநாளே வேண்டாம்னு ஆள் விட்டுட்டாவ. எம்மவ ரெண்டு மாசம் வாசப்படி தாண்டல.

இந்த நாள ஏன் குறிச்சேன்னா? சரியாத்தான் கேக்கிய. பஞ்சாங்கத்துல இன்னைக்கு நல்ல நேரமே கிடையாது. நேத்து சாயங்காலம் ரேடியோக்காரன், நாளைக்கு பம்பாயில கொட்டு கொட்டுன்னு கொட்டும்னான். உடனே எந்தம்பிய ஒங்க வீட்டுக்கு வெரட்டி, நாளைக்கே பொண்ணு பாக்க வரச் சொல்லுன்னுட்டேன். நீங்களும் வேண்டாம்னா இன்னைக்கே, இந்த ஒழுகுறதப் பாத்தே சொல்லிட்டுப் போட்டும்னுதான். கோவிக்காதிய மதினி.

ஒங்க மவன் நம்பிராஜனையா தேடுதிய? அதான் அந்தச் சத்தம். வந்ததும் செருப்பக் கழத்திப் போட்டுட்டு கூரை மேல ஏறிட்டாவ. தார்ப்பாய இழுத்துக் கட்டுதாவ. கீழ நின்னு கயிறு எடுத்துக் குடுக்கது எம்மவ வடிவுதான்.

இன்னா பாருங்க, அந்த மூலையில ஒழுகுறது நின்னுட்டு. ஒரு பால்டிய எடுத்துரட்டுமா மதினி?