மகாராணியின் வலது பின்னங்கால்

மழைக்காலத்தில் குதிரையோடு இருப்பவனுக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம். நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். குளம்பு அழுக ஆரம்பித்தால் குதிரை உடனே நொண்டாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். காலைத் தூக்கி முகர்ந்தால்தான் தெரியும்.

குளம்பின் அடியில் முக்கோணமாக ஒரு மெத்தை உண்டு, அதன் நடுவில் ஒரு பிளவு. சாணியும் மூத்திரமும் ஊறிய ஈரத்தில் நாள்கணக்கில் நின்றால் அந்தப் பிளவுக்குள் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒன்று சேரும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவன் சாகிறவரை மறக்கமாட்டான். வைத்தியம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொக்கியால் சுரண்டி, கழுவித் துடைத்து, பஞ்சைத் திரியாக முறுக்கி, மயில்துத்தக் கரைசலில் நனைத்துப் பிளவுக்குள் செருகவேண்டும். திரியைத் தினமும் மாற்றி, காய்ந்த வைக்கோலில் நிறுத்தினால் பதினைந்து நாளில் சரியாகிவிடும். நான் இடது கைக்காரன். என் திரியின் முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். நுனியை மடக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன், உருவி விழாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பண்ணையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். குளம்புக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலாளிக்குக் குதிரையின் முகம் மட்டும்தான் தெரியும், அதற்கு நாலு கால் இருப்பதே நான் சொல்லித்தான் தெரியும். மகாராணி அவருடைய சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. யாரையும் அண்டவிடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதற்கு வலது பின்னங்காலில் அழுகல் வந்தது. அது தானாக வந்தது, அதில் எனக்குப் பங்கில்லை. மூன்று நாள் என்னை உதைத்தது. நாலாம் நாள் நான் போய் நின்றதும் தானே காலைத் தூக்கி என் தொடைமேல் வைத்தது. அவ்வளவு பெரிய உடம்பு பாரத்தையெல்லாம் என்மேல் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

குணமானது. முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார், அதுவும் ஒரு வாரம்தான். அப்புறம், வெளியூர்க்காரர் ஒருவர் மகாராணியைப் பார்க்க வருகிறார், பிடித்திருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றார். மகாராணியோ கால் ஆறியதும் பழையபடி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் வழக்கம்போல ஒரு திரி முறுக்கினேன். மயில்துத்த பாட்டிலைத் திறக்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கும் குழியில் அதை நனைத்துச் செருகினேன்.

வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். மகாராணி மறுபடியும் என் தொடைமேல் காலை வைத்தது. நான் மறுபடியும் குணப்படுத்தினேன். இப்படி நாலு தடவை திரி வைத்தேன். கொடுமை என்று டாக்டரம்மா உங்களிடம் சொன்னாராமே. குதிரை டாக்டருக்குப் படித்தவர், மாதம் ஒருமுறை வந்து பார்த்தவர், இரண்டு வருடமாக அவர் கண்ணில் எதுவும் படவில்லை. மூன்று தடவை குணப்படுத்தியது யார் என்று அவரிடம் கேட்டீர்களா?

நாலாம் தடவை தப்பு நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். திரியை வைத்த மறுநாளே என் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாகிவிட்டது. எட்டு நாள் நான் பண்ணைப் பக்கம் போகவில்லை. திரி உள்ளேயே இருந்துவிட்டது. ஒன்பதாம் நாள் போனபோது மகாராணி படுத்திருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரம்மா காலை மடியில் வைத்துக்கொண்டு இடுக்கியால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு வரைக்கும் போயிடுச்சு. உள்ள பஞ்சு இருக்கு. யார் வெச்சது?"

"நான்தாம்மா. மருந்துத் திரி. மாத்த முடியாம போச்சு," என்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் அங்கே வந்தாள். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், அம்மாவுக்காக வந்திருந்தாள். அம்மாவின் காலை எடுக்கவேண்டும், அப்பா வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டாக்டரம்மா உருவித் தட்டில் போட்ட திரியைக் கையில் எடுத்தாள். முறுக்கைப் பார்த்தாள், மடக்கிய நுனியைப் பார்த்தாள், மூக்கருகில் கொண்டுபோனாள்.

"அப்பா, அம்மா கால் கட்டுல இதே வாடைதான் அடிச்சுது."

"புண்ணுன்னா வாடை அடிக்கத்தாம்மா செய்யும்."

"அம்மா கால்லேர்ந்து நர்ஸ் எடுத்ததும் இதே முறுக்குதாம்ப்பா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

என் மகளுக்கு என் மூக்கு. பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலையே டாக்டரம்மா மகாராணிக்கு ஊசி போட்டுவிட்டார். குதிரையைக் கொன்றது நான் என்று புகாரில் எழுதியிருக்கிறீர்கள். ஊசி யார் கையில் இருந்தது என்றும் எழுதுங்கள்.

என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. செருப்பு கடித்து உள்ளங்காலில் புண் வந்தபோது நான்தான் தினமும் கட்டுப் போட்டேன். "நீங்க கட்டினாத்தான் எனக்கு நிம்மதி" என்பாள். கட்டுப் போடும்போது மட்டும் என்னோடு பேசுவாள், மற்ற நேரமெல்லாம் மகளோடு போனில்தான் பேச்சு, சிரிப்பு. புண் ஆறியதும் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் மகள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளும் பெட்டியில் துணியெல்லாம் அடுக்கிவிட்டாள். "எப்ப ஆறும், எப்ப ஆறும்" என்று தினம் கேட்டாள். ஆறிக்கொண்டுதான் வந்தது. என் கைக்கு ஆறாத புண் எது? இரண்டு தடவை கிளம்பத் தேதி குறித்தார்கள், இரண்டு தடவையும் பெட்டியைப் பிரிக்கவேண்டியதாயிற்று.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. பூசி மெழுகும் பழக்கம் எனக்கில்லை. குழி ஒன்றுதான். அந்தத் தண்ணீரை மருந்து பாட்டில் ஒன்றில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குதிரைக்கு வைத்த கைதான் அவளுக்கும் வைத்தது. அவள் வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் தடவை தேதி குறித்தபோது வைத்ததுதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் என் பிசகு. இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாளாம். கோபம் இருக்கத்தான் செய்யும், மகாராணியும் முதலில் உதைத்தது. மகளிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். அம்மாவின் இடது காலைத் தினமும் ஈரமில்லாமல் துடைத்துவிடச் சொல்லுங்கள். அதில் ஏதாவது வந்தால் வேறு யாரையும் தொடவிட வேண்டாம், அவள் என்னைத்தான் தேடுவாள்.