பிரேக் மிதித்தால் அடிக்கும் பெல்

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அம்மா, பக்கத்தில் அவருடைய அக்கா கணவர். அம்மாவின் மடியில் அவருடைய பிக்கப் வண்டியின் வெடித்துப்போன வேக்குவம் ஓஸ், பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாய்.

"பாவா, பிரேக் மிதிச்சா பெல் அடிக்குது."

"ஓஸ் மாத்தினா பிரேக் சரியாயிடும்மா. பெல்லு ஏன் அடிக்குது?"

"பின்னாலேர்ந்து வர்ற பழைய பெல்லு ஒயரு பிரேக் லைட்டு ஒயர்ல ஒரசுதாம். மெக்கானிக்கு அறுத்துடவான்னாரு."

"அறுக்கச் சொல்றதுதானே?"

"எங்க வூட்டுக்காரரு இருந்தப்போ போட்டது பாவா. பூக்கூடையோட நான் பின்னால குந்திகினு வருவேன். பயமா இருந்தா அமுக்கு, முன்னால பெல் அடிக்கும்னு பட்டன் வெச்சாரு. பயமே இல்லாம அமுக்குவேன். ஒவ்வொரு தபாவும் நிறுத்திட்டு எறங்கி வந்து பாப்பாரு."



"இப்ப யாரும்மா அமுக்கப்போறாங்க?"

"யாருமில்ல. வண்டிய நான்தானே ஓட்டறேன். அறுக்க வேணாம், டேப்பு சுத்தி உட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்."